சித்தியின் நிறைகுடம்

பெறாமல் பெற்ற மகள் சுண்டெலிக்கு, மூவுலகும் நடுங்கும் உன் சித்தப்பா ஆசியோடு எழுதுவது. நான் மலைபோல் நலம், உன் சித்தி நலத்தை நோக்கி நடந்துகொண்டிருக்கிறாள், நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டுத் தூங்குகிறாய் என்று நம்புகிறேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடவா என்று கேட்டிருந்தாயே, இதை முழுதும் படித்துவிட்டு முடிவு செய்.

சித்தியின் விரல்கள் தாமாக மடங்கி இழுத்துக்கொள்வதும் நெஞ்சு படபடப்பதும் உனக்குத் தெரியும். இரத்தத்தில் மெக்னீசியம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது, சிறுநீரகம் அதை ஒழுகவிடுகிறதா பார்க்க ஒரு முழுநாள் சிறுநீரைச் சேர்த்துக் கொடுங்கள் என்றார் டாக்டர். லேபில் கொடுத்த கேனில் யானைக்குட்டியைக் குளிப்பாட்டலாம். அன்று வீடே கனவுக்குள் மிதப்பதுபோல் இருந்தது, திரைச்சீலை வழியே வந்த வெயில் குளியலறை வாசலில் இருந்த கேன்மீது விழ, அது யாரோ மறந்துவிட்டுப்போன புதையல்போல் பொன்னாக மினுங்கியது, நாங்கள் இருவரும் அதைச் சுற்றிச் சுற்றி மெல்ல நடந்தோம். ஆனால் பாதிகூட நிரம்பவில்லை. உன் சித்திதான் சர்க்கரை டப்பாவைக்கூட அரைகுறையாக அலமாரியில் வைக்கமாட்டாளே. இப்படிக் குறைகுடமா கொண்டுபோய் நீட்டினா நாலு பேர் என்ன நினைப்பாங்க, நீங்களும் கொஞ்சம் கைகொடுங்க என்றாள். கட்டியவள் கேட்டு எதை மறுத்திருக்கிறேன்? ஏழு கடலும் வற்றும்படி தண்ணீர் குடித்துக் கடமையாற்றினேன். நிறைகுடம் தளும்பாமல் லேபுக்குப் போய்ச் சேர்ந்தது.

மெக்னீசியம் ஏராளமாக வெளியேறுகிறது, சிறுநீரகம்தான் கெட்டிருக்கும் போல என்று முடிவு வந்தது. அப்போதுதான் உனக்குப் போன் செய்து உளறினேன். ஒரு வாரம் ஓடியது. மறுமுறை போனபோது டாக்டர் காகிதத்தையும் சித்தியையும் மாறி மாறிப் பார்த்தார். தசையிலிருந்து தினமும் வெளியேறும் கழிவு ஒன்று உண்டாம், அது இந்தச் சிட்டுக்குருவி உடம்புக்கு ரொம்ப அதிகமாம். அம்மா, நீங்க பளு தூக்கறவங்களா என்று கேட்டார். சித்தி என்னைப் பார்த்தாள், நான் மின்விசிறியைப் பார்த்தேன். “வேறெதையும் தூக்கறதில்லைங்க, இத்தனை வருஷமா இவரைத்தான் தூக்கிக்கிட்டிருக்கேன், கேன்லயும் பாதி இவர்தான்” என்றாள். டாக்டர் சிரித்த சிரிப்பில் கட்டடத்தின் மூன்று மாடியும் ஆடின.

இரண்டாம் முறை சித்தியுடையது மட்டும், அரைக் கேன்தான். அது சளக் சளக்கென்று தெருவெல்லாம் பேசிக்கொண்டே வர, சித்தி தலைகுனிந்து நடந்தாள். முடிவில் மெக்னீசியம் துளிதான், முன்பு ஏராளமாக வழிந்தது என்னுடையதாம். சிறுநீரகம் இரும்புப்பிடியாகப் பிடித்துவைத்திருக்கிறது, குற்றமே இல்லை என்றார் டாக்டர். நெஞ்செரிச்சலுக்கு வருஷக்கணக்காக விழுங்கிய மாத்திரைதான் குடலில் சத்தைச் சேரவிடாமல் தடுத்திருக்கிறது. அதை நிறுத்தி வேறு மருந்து தந்திருக்கிறார். நீயும் காரணமில்லாமல் அந்த மாத்திரையை விழுங்காதே, டாக்டரைக் கேள்.

ஆகவே பெட்டி கட்டாதே, விடுமுறைக்குச் சிரித்துக்கொண்டு வா. சித்தி இப்போது பக்கத்தில் மதியத் தூக்கத்தில் இருக்கிறாள். தூக்கத்திலும் இறுகிக்கிடந்த அந்தக் கை இன்று போர்வைமேல் விரிந்து கிடக்கிறது, வெயில் ஒரு கையளவு அதில் நிரம்பியிருக்கிறது. பார்த்துக்கொண்டே எழுதுகிறேன்.

நூறாண்டு நிறைவோடு வாழ்க. தண்ணீர் குடிக்க மறக்காதே.

கேனில் பாதியான,
உன் சித்தப்பா