படத்தில் இருந்தவள்

ஐயம்பேட்டை,
8-3-1971

அன்புள்ள காசிநாதனுக்கு,

நலம். உன் ஓவியக் கண்காட்சியிலிருந்து உன்னிடம் சொல்லாமலே வந்துவிட்டேன். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். அது பொய்.

மாடி வீடுகளையும் அவற்றின் வாசலில் படுத்துக் கிடப்பவர்களையும் நீ வரைந்திருந்ததை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். நகைக்கடைப் படியருகே ஒருத்தி தன் மகளுக்குத் தலை வாரும் படத்தின் முன்னால் கால் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பட்டுப்புடவை அம்மாள், "என்ன தத்ரூபம்!" என்றாள். நானும் தலையாட்டினேன்.

அவளை எங்கே பார்த்தாய்?

அன்புடன்,
கோதண்டபாணி


சென்னை,
11-3-1971

அன்புள்ள பாணி,

கோபமில்லை, ஒரு வார்த்தை சொல்லாமல் போனாயே என்ற வருத்தம்தான்.

பாரிமுனையில் அவளுக்கு எதிரே மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தேன். பெயர் பெரியநாயகி. துறைமுகத்தில் மூட்டை தூக்கிய புருஷன் அர்ஜுனன் செத்துப்போனான். குடிசை தீயில் போனதிலிருந்து நடைபாதைதான். "சொந்தக்காரங்க இல்லையாம்மா?" என்று கேட்டேன். "ஒரு தம்பி இருந்தான்பா. வாத்தியாரு" என்றாள். 'இருந்தான்' என்றதால் இறந்துவிட்டான் என்று நினைத்துக்கொண்டேன்.

படத்தை ஒரு மில் முதலாளி வாங்கிப் போய்விட்டார். அதை அவளிடம் சொல்ல எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

நீ ஏன் கேட்கிறாய்? மறைக்காமல் எழுது.

உன்,
காசி


ஐயம்பேட்டை,
15-3-1971, காலை

காசி,

அந்தத் தம்பி நான்தான். கூடப்பிறந்தவர் யாருமில்லை என்று உன்னிடம்கூடச் சொல்லி வைத்திருந்தேன்.

காலனிக்காரனைக் கட்டிக்கொண்டாள் என்று அவளை விலக்கிவிட்டோம். எட்டு வருஷத்துக்கு முன் அப்பா இறந்த அன்று ஓடி வந்தாள். "ஒரே ஒரு தடவை மூஞ்சியப் பாத்துட்டுப் போயிடறேன்டா" என்று கெஞ்சினாள். ஊரே பார்க்கிறதே என்று கதவைச் சாத்தினேன். வேறு யாரும் சாத்தவில்லை, காசி. நான்தான்.

நேற்று பாரிமுனைக்குப் போனேன். "அக்கா" என்றேன். நிமிர்ந்து பார்த்தாள். திட்டுவாள் என்று நின்றேன். மகளிடம், "மாமாவுக்கு இடம் வுடுமா" என்றாள்.

நடைபாதையில் உட்கார்ந்து அழுதேன். போகிறவர்கள் எங்களைப் பார்த்துக்கொண்டே போனார்கள்.

"வீட்டுக்கு வாக்கா."

"வேணாம்பா. அவரு செத்ததுகூட உங்களுக்குத் தெரியாது. அந்த வீட்ல வந்து நான் எப்படிச் சோறு துன்னுவேன்?"

பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கிறேன் என்றேன். படத்தைப் பற்றிச் சொன்னேன். "அதுல எம் பொண்ணு நல்லா இருக்குதா?" என்று மட்டும் கேட்டாள். அது விலைபோனதை நீ நேரில் போய்ச் சொல். அவள் கோபிக்க மாட்டாள். அதுதான் நமக்குக் கஷ்டம்.

கிளம்பும்போது, மறுபடி வருகிறேன் என்றேன். "வர்றவங்க சொல்லிக்கினு இருக்க மாட்டாங்கடா" என்றாள்.

திரும்பி வந்து என் மனைவி கமலவேணியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். காலையில் எழுந்து பார்த்தால், மூன்று பேருக்குப் புளிசாதம் கட்டி வைத்திருக்கிறாள்.

பள்ளிக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன். இந்தக் கடிதத்தைப் பாரிமுனைத் தபால் பெட்டியில்தான் போடுவேன்.

கோதண்டபாணி