சும்மா கிடந்த காடு

கிணத்துக்கடவு
18.1.2024

அன்புள்ள ரித்திகா கண்ணுக்கு அப்பத்தா எழுதுவது. நான் நலம். நீ நலமென்று உன் அப்பன் சொல்லித்தான் தெரிகிறது. என் வீட்டுக்காரர், உன் அப்பாரு, சாவுக்குப் பரீட்சை என்று வரவில்லை. கருமாதிக்காவது வந்திருக்கலாம். எனக்கு எதுவும் மறக்காது.

பொங்கலன்று உன் அப்பன் ஒரு படத்தை விரித்தான். நீ அனுப்பியதாம், நம் ஊரை வானத்திலிருந்து பிடித்ததாம். நாம் வெள்ளாமை பண்ணின கிழக்குக் காடு முழுக்கச் சிவப்பு.

"செவப்புன்னா என்னடா?" என்றேன்.

"சீக்கிரம் ஊடு கட்டற மனையாகப் போகுதுன்னு அர்த்தமுங்கம்மா. உங்க பேத்தி படிப்பு சொல்லுது."

என் காட்டில் யார் வீடு கட்டுவது? எனக்குக் காது மந்தம், ஃபோன் ஆகாது. எழுது.

உன் அப்பத்தா
பாவாத்தாள்

டேராடூன்
29.1.2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

கோவிச்சுக்காதீங்க. அது என் ஆராய்ச்சிப் படம். பெருமைக்காகத்தான் அப்பாவுக்கு அனுப்பினேன்.

செயற்கைக்கோள் பத்து வருடங்களாக எடுத்த படங்களில் ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் நூற்றுக்கணக்கான எண்கள் இருக்கின்றன. குழம்பைச் சுண்டவைப்பது போல அவற்றை மூன்று எண்ணாகச் சுருக்குகிறேன். நிலத்துக்கு நிலம் பெரிதாக மாறுவது மட்டும் நிற்கும், மற்றது போய்விடும். பொள்ளாச்சி ரோட்டோரம் மனை போட்ட இடமெல்லாம் அதற்கு முன்னால் சில வருடம் வெள்ளாமை இல்லாமல் கிடந்தவை. அதை வைத்து, இனி எது மனையாகும் என்று கணிக்கிறேன். கிழக்குக் காடும் மூன்று வருடமாக வெறும் மண்ணாகவே தெரிகிறது. ஏனுங்க அப்பத்தா அதில் விதைக்கவில்லை?

உங்கள் பேத்தி
ரித்திகா

கிணத்துக்கடவு
8.2.2024

கண்ணு,

உன் அப்பாருவின் தம்பி அப்புசாமி பக்கத்துக் காட்டை உழும்போது நம் வரப்பை அறுத்து ஒரு முழம் உள்ளே வந்தார். கேட்டதற்கு, "வரப்பு எப்பவும் இங்கதானுங்க அண்ணி இருந்துச்சு" என்றார். அறுத்த வரப்பின் அடி இன்னும் தெரிகிறது. நாம் உழுதால் அதுவும் அழிந்துபோகும். அவர் வந்து பார்த்து ஒத்துக்கொள்ளும் வரைக்கும் அங்கே யாரும் ஏர் பூட்டக்கூடாது என்று சொல்லிவிட்டேன். காடு சும்மா கிடக்கவில்லை, சாட்சிக்குக் கிடக்கிறது. அதை உன் படம் எங்கே காட்டியது? ரொம்பச் சுண்டவைத்தால் உப்புத்தான் தூக்கும்.

உன் அப்பன் அந்தப் படத்தை வைத்துக்கொண்டு ஒரு மனைக்காரனிடம் காட்டை விற்கப் பேசிவிட்டான். பட்டா உன் அப்பன் பேரில்தான் இருக்கிறது. "எப்படியும் போகப் போறதுதானுங்கம்மா" என்கிறான். என் பேச்சு அவன் காதில் ஏறவில்லை. நம் காட்டுக்கு அந்தப் படம் பொருந்தாது என்று நீ ஒரு வரி சொன்னால் கேட்பான். உன்னிடம் நான் இதுவரை எதுவும் கேட்டதில்லை.

உன் அப்பத்தா
பாவாத்தாள்

டேராடூன்
27.2.2024

அன்புள்ள அப்பத்தாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிச்சுக்குங்க. சண்டையெல்லாம் எண்ணில் வராதுங்க. தனியாக ஒரு காட்டுக்கு இந்தக் கணிப்பை நம்பக்கூடாது என்று எங்கள் பேராசிரியரே சொல்வார். அதைச் சொல்லத்தான் அப்பாவுக்கு ஃபோன் செய்தேன். மனைக்காரர்களுக்கு நடுவில் இருந்தார். "எம் புள்ளை படம்தான் இது" என்று என்னை ஸ்பீக்கரில் போட்டார். என்னால் சொல்ல முடியவில்லை. அடுத்த மாதம் ஆய்வேடு கொடுக்க வேண்டும். முடிந்ததும் நேரில் வந்து பேசுகிறேன். அதுவரை பொறுத்துக்குங்க.

ரித்திகா

கிணத்துக்கடவு
2.4.2024

ரித்திகாவுக்கு,

கிரயம் முடிந்துவிட்டது. போன வாரம் பொக்லைன் வந்து முதலில் வரப்பைத்தான் வாரியது. அப்புசாமி ஓரமாக வந்து நின்றார். "ஒரு மொழம் உள்ள வந்தது நெசந்தானுங்க அண்ணி" என்றார். வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கவில்லை, வாயைப் பார்த்துப் புரிந்துகொண்டேன். மனதில் ஒன்றும் தோன்றவில்லை. "சரிங்க" என்றேன். வீட்டுக்குக் கூட்டிப்போய்க் காப்பி கொடுத்தேன். குடித்துவிட்டுப் போனார்.

இப்போது அங்கே கல் நட்டிருக்கிறார்கள். ரோட்டு முனையில் பலகையும் வைத்தாயிற்று. உன் அப்பன் கேட்டுக்கொண்டதால் மனைக்காரன் உன் பெயரையே வைத்துவிட்டான். ரித்திகா நகர்.

உன் படம் சரியாகிவிட்டது. ஆய்வேட்டில் எழுதிக்கொள்.

நான் சென்னிமலையில் உன் அத்தை வீட்டுக்குப் போகிறேன். அங்கே கடிதம் போட வேண்டாம்.

பாவாத்தாள்