காய்ந்த சொட்டு

அக்டோபர், இரண்டாம் ஞாயிறு.

எங்கள் மைக்ராஸ்கோப் சங்கத்தில் புதிதாகச் சேர்பவர்கள் ஏன் மூன்றாம் கூட்டத்துக்கு வருவதில்லை என்று ஒரு வருடமாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறோம். போஸ்டர் அடித்தோம், வாட்ஸ்அப் குழு தொடங்கினோம். இன்று ராயப்பேட்டை மார்க்கெட்டில் செல்வியைப் பார்த்தேன். தையல் கடை வைத்திருப்பவர். இரண்டு கூட்டத்தோடு நின்றுவிட்டவர். காரணம் கேட்டேன்.

"இன்னாத்துக்கு சார் வர்றது? அடையாறு தண்ணி ஒரு சொட்டு வெச்சுட்டு, மெம்பர் நம்பர் பிரகாரம் கூப்புடுறீங்க. ஒவ்வொருத்தரும் பாத்துக்கினே கீறாங்க. என் முறை வர்றதுக்குள்ள சொட்டு காஞ்சுடுது. ரெண்டு தபாவும் வெறும் கண்ணாடியத்தான் பாத்தேன்."

"சொல்லியிருந்தா வேற சொட்டு வெச்சிருப்போமேம்மா."

"உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன் சார்."

எனக்குத் தெரியாது. நான் இரண்டாவது ஆளாகப் பார்த்துவிட்டு காபிக்குப் போய்விடுபவன்.

வீட்டுக்கு வந்ததும் தலைவருக்கு போன் செய்தேன். அடுத்த கூட்டத்தில் கடைசியாகச் சேர்ந்தவர்தான் முதலில் பார்ப்பார் என்றேன். "சீனியாரிட்டின்னு ஒண்ணு இருக்கேப்பா," என்று முனகினார். முனகட்டும். செயலாளர் நான், வரிசையை நான்தான் கூப்பிடுகிறேன். செல்வியும் இன்னொரு தடவை வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

காய்ந்த கண்ணாடியை இந்த முறை நான் பார்த்துக்கொள்கிறேன்.