தொரசாணி தோளைத் தூக்கினானா?

மேல் லயம், பொன்முடி
மாசி மாதம், 1986

அன்புள்ள தங்கை செண்பகவல்லிக்கு, உன் அக்கா உலகம்மாள் சொல்லச் சொல்ல, பக்கத்து வீட்டு ராஜபாய் எழுதும் கடிதம்.

இங்கே எனக்கு ஒரு குறைவும் இல்லை. உன் சுகத்தைக் கேட்கிற வரியை இப்போது எழுத வேண்டாம், கடைசியில் பார்த்துக்கொள்ளலாம் என்று ராஜபாயிடம் சொன்னேன். அவள் பேனாவைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "எல்லாரும் சுகம் விசாரிச்சுட்டு பொறவுதானே அக்கா விஷயத்துக்கு வருவாவ?" என்று கேட்டாள். நான் எல்லாரும் இல்லை, எழுது என்றேன். இவள் மார்த்தாண்டத்துப் பெண், வேதக்காரி, சர்ச்சுக்குப் போகிறவள், கையெழுத்து முத்து முத்தாக இருக்கும். ஒரே குறை, நான் ஒன்று சொன்னால் அதைப் புத்தகத் தமிழாக்கித்தான் எழுதுவாள். ஆகையால் இதில் அங்கங்கே அக்கா பேசுகிற மாதிரி இல்லாவிட்டால் பயப்படாதே. நான்தான்.

எனக்கு முழங்காலில் நீர் கோத்துக்கொண்டு, தேயிலைக் கொழுந்தெடுக்க ஏற்றம் ஏற முடியாமல் போய் நாலைந்து வருஷம் ஆகிறது. எஸ்டேட்டில் இரக்கப்பட்டு ஆபீஸ்காரர்கள் கிளப்பைக் கூட்டிப் பெருக்குகிற வேலை கொடுத்தார்கள். உன் அத்தான் காலமானது உனக்குத் தெரியும். மகன் தாணுமாலையன் தம்பானூரில் ஒரு ஹோட்டலில் பரோட்டா அடிக்கிறான். மலையாளத்துப் பெண்ணைக் கட்டியிருக்கிறான். நல்ல பெண். அவள் பேசுவது எனக்குப் பாதி விளங்கும், நான் பேசுவது அவளுக்குப் பாதி விளங்கும், இரண்டு பாதியும் ஒன்றாக இருப்பதில்லை. ஓணத்துக்கு வந்தார்கள். இந்த வளைவு வளைவான ரோட்டில் பஸ் ஏறினால் பேரப்பிள்ளைக்கு வாந்தி வருகிறது என்று பிறகு வரவில்லை. கல்லாறு வரைக்கும் ஒன்றும் இல்லையாம், அதற்கு மேலேதான் குடலைப் பிரட்டுகிறதாம். பிள்ளையைச் சொல்லி என்ன, டிரைவருக்கே பிரட்டும்.

"அக்கா, ஒரு தாள் தீரப்போகுது, நீங்க இன்னும் கல்லாறுலயே நிக்கியோ" என்கிறாள் ராஜபாய். சரி, விஷயத்துக்கு வருகிறேன்.

இந்தக் கடிதம் வந்து சேர்கிற மடத்து விலாசம் எனக்கு எப்படிக் கிடைத்தது என்று யோசிப்பாய். புனலூர் ரப்பர் தோட்டத்தில் குற்றாலலிங்கம் என்று ஒருவர் இருக்கிறார். சிலோனிலிருந்து திரும்பி வந்தவர். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் காதுகுத்துக்குப் போன வாரம் இந்த மலைக்கு வந்திருந்தார். கேள்விப்பட்டதும் அடுப்பில் கஞ்சியை அப்படியே விட்டுவிட்டு ஓடினேன். என் தங்கை பதுளைப் பக்கம் தோட்டம், அவள் வீட்டுக்காரர் பெயர் வேல்சாமி என்று சொன்னேன். அவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்தார். பிறகு, "அந்தப் பக்கத்து லயத்து வீடெல்லாம் இப்ப இல்லம்மா. சனம் நாலா பக்கமும் போயிருச்சு. மாத்தளையில ஒரு கோயில் மடத்துல கொஞ்சப் பேரு ஒண்டியிருந்தாக. செண்பகம்னு ஒரு பொம்பளைய யாரோ கூப்பிட்டதக் கேட்ட மாதிரி ஞாபகம்" என்றார். குட்டையாக இருப்பாளா, வலது மணிக்கட்டில் தீக்காயத் தழும்பு உண்டா என்று கேட்டேன். "தாயீ, எல்லாரும் தலையக் குனிஞ்சு உக்காந்திருந்தாக. நான் யாரு மணிக்கட்டையும் பாக்கல" என்று சொல்லிவிட்டார். அவர் மேல் குற்றமில்லை.

அதனால் இந்தக் கடிதம் அந்த மடத்தில் செண்பகம் என்று பெயருள்ள யார் கைக்காவது போகும். அது நீயாக இருந்தால் மேலே படி. நீயாக இல்லாவிட்டாலும், அம்மா, நீ யார் பெற்ற பிள்ளையோ, நீயும் படி. குஸ்திக் கதைதான், யாரும் படிக்கலாம்.

செண்பகம், உன்னிடமிருந்து கடைசியாக வந்த கடிதம் குஸ்தியைப் பற்றித்தானே. உங்கள் பஜாரில் ரேடியோ கடைக்காரர் டிவி வைத்திருக்கிறார், சனிக்கிழமை சாயங்காலம் வெள்ளைக்காரர்கள் குஸ்தி காட்டுகிறார்கள், தோட்டத்து ஆண்பிள்ளைகள் எல்லாம் அங்கேதான் கிடை என்று எழுதியிருந்தாய். வேல்சாமி உன்னையும் கூட்டிப் போனாராம். முதுகு வரைக்கும் பொன் நிறத்தில் மயிர் வளர்த்து, பூப்போட்ட அங்கியோடு இடுப்பை ஆட்டி ஆட்டி ஒருவன் வருவானாம். "இவுக அவனுக்குத் தொரசாணின்னு பேரு வச்சிருக்காக அக்கா. பழைய தொரையோட சம்சாரம் இப்பிடித்தான் நடப்பாளாம்" என்று நீ எழுதச் சொன்னதை ராஜபாய் வாசிக்க, நானும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

சிரித்து முடித்த பிறகுதான் எனக்குப் பொறி தட்டியது. அடி, இவன் நம்ம மதாம்மை ஆயிற்றே!

எங்கள் கிளப்புக்கும் அப்போதுதான் டிவி வந்திருந்தது. அதை லாரியில் மெத்தை போட்டுப் படுக்க வைத்து, ஒவ்வொரு வளைவிலும் வண்டியை நிறுத்தி நிறுத்தி, புதுப்பெண்ணை அழைத்து வருகிற மாதிரி கொண்டுவந்தார்கள். லயத்துப் பெண்கள் குலவை போட்டார்கள், கிண்டலுக்குத்தான். கூரைக்கு மேல் நீளமான இரும்புக் குழாயை நட்டு, அதன் தலையில் ஆண்டெனாவைக் கட்டினார்கள். அப்போது திருவனந்தபுரத்துப் படம் இந்த மலைக்கு ஒழுங்காக ஏறவில்லை. ஆனால் பார், கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து சிலோன் படம் நேரே வந்து இறங்கியது. கீழே விதுரையில் இருக்கிறவர்களுக்குக் கிடைக்காத சிலோன் எங்களுக்குக் கிடைத்தது. மேட்டில் குடியிருப்பதில் அந்த ஒரு லாபம் கண்டோம்.

லயத்து ஆட்களுக்கு உள்ளே இடம் கிடையாது, ஜன்னலுக்கு வெளியே நின்றுதான் பார்க்க வேண்டும். எனக்குக் கையில் விளக்குமாறு இருந்ததால் கதவுக்கு உள்ளே நின்றேன். விளக்குமாறு இருந்தால் எங்கேயும் நிற்கலாம், யாரும் கேட்கமாட்டார்கள். பேசுவது ஒன்றும் யாருக்கும் புரியாது. அதனால் பயில்வான்களுக்கு நாங்களே பெயர் வைத்தோம். கழுத்தே இல்லாமல் உருண்டு வருகிறவன் ஆட்டுக்கல். கறுப்பு முகமூடிக்காரன் கரடி. பொன்மயிர்க்காரன் வந்தால் கிளப் வாட்சர் கோலப்பன், "மதாம்ம வந்தாச்சு, வழி விடுங்கடே!" என்று கத்துவார். இங்கே வெள்ளைக்காரச்சியை மதாம்மை என்பார்கள். நீங்கள் அங்கே தொரசாணி என்கிறீர்கள். ஆள் ஒன்றுதான்.

அதிலிருந்து சனிக்கிழமை வந்தால் எனக்குக் கால் வலி தெரியாது. நீ கல்யாணம் முடிந்து கப்பல் ஏறியதிலிருந்து நம் இருவர் கண்ணிலும் ஒரே நேரத்தில் ஒரே பொருள் பட்டதில்லை. நிலாவைச் சொல்வார்கள். நிலா ஊருக்கெல்லாம் பொது. மதாம்மை நமக்கு மட்டும்தான். அவன் முகத்தில் அறை விழும்போது, இந்நேரம் செண்பகம் உச்சுக்கொட்டியிருப்பாள் என்று நானும் உச்சுக்கொட்டுவேன். ஆட்டுக்கல்லின் தலையில் நாற்காலியை உடைப்பார்கள், இனி இவன் பிழைக்கமாட்டான் என்று நினைப்போம். அடுத்த சனிக்கிழமை தலையில் சின்னக் கட்டோடு மறுபடியும் வந்து நிற்பான். கிளார்க் சார் ஒரு நாள், "இதொக்கெ வெறும் அபிநயமாணு உலகம்மே" என்று என்னைக் கேலி செய்தார். எல்லாம் நடிப்பாம். "நடிப்பா இருந்தா நல்லதுதான சார், நெசமா யாருக்கும் வலிக்காதுல்ல" என்றேன். 

அந்த வருஷம், எண்பத்து மூன்று ஆடியில், இங்கே பேய் மழை. குழாய் சாய்ந்து டிவியில் வெறும் புள்ளி புள்ளியாக இருந்தது. அப்போதுதான் சிலோனில் நம் சனத்தின் வீட்டையும் கடையையும் கொளுத்துகிறார்கள் என்று கோலப்பன் ரேடியோவில் கேட்டதாக வந்து சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லாமல், ஜன்னலைப் பார்த்துக்கொண்டு சொன்னார். நான் அந்தப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டே நின்றேன். அதற்குப் பிறகு உனக்கு மூன்று கடிதம் போட்டேன். ஒன்று, மேலே ஏதோ எழுத்தில் கிறுக்கித் திரும்பி வந்தது. மற்ற இரண்டும் திரும்பி வரவில்லை. வராதது நல்லதுக்குத்தான், யாரோ வாங்கியிருக்கிறார்கள் என்று ராஜபாய் சொன்னாள். நானும் அப்படியே வைத்துக்கொண்டேன்.

மழை விட்டு, குழாயை நிமிர்த்தி, படம் தெளிந்தபோது குஸ்தியும் வந்தது. மதாம்மை வந்தான், கரடி வந்தான், ஆட்டுக்கல் வந்தான். ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. நான் விளக்குமாற்றைக் கீழே போட்டுவிட்டேன். அன்றுமுதல் பயில்வான்களைப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கயிற்றுக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற கூட்டத்தைத்தான் பார்ப்பேன். அது வெள்ளைக்காரக் கூட்டம், எந்த தேசத்திலோ எப்போதோ எடுத்த படம், சிலோன்காரன் வாங்கிப் போடுகிறான் என்று கோலப்பன் பொறுமையாக விளக்கினார். எனக்கும் தெரியும் செண்பகம். தெரிந்துகொண்டேதான் அதில் உன்னைத் தேடினேன்.

பிறகு திருவனந்தபுரத்தில் மலையாள டிவி நிலையம் வந்தது. இங்கேயும் பெரிய குழாய், புது ஆண்டெனா. அதைத் திருப்பிக் கட்டுகிறவன் வந்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம். உள்ளே குஸ்தி நடக்கிறது. கரடி மதாம்மையைத் தூக்கிச் சாத்திவிட்டு மேலே விழுந்து அமுக்கிவிட்டான். கீழே கிடக்கிறவனின் இரண்டு தோளும் தரையில் பட்டிருந்தால் நடுவர் கையால் தரையைத் தட்டுவார். மூன்று தட்டு விழுந்தால் தோல்வி. அதற்குள் ஒரு தோளைத் தூக்கிவிட்டால் போதும், முழுதாக எழுந்திருக்கக்கூட வேண்டாம், அவன் தோற்கவில்லை. இது உனக்கும் தெரியும். ஆனால் இந்தக் கடிதத்தைப் படிக்கிறவள் வேறு செண்பகமாக இருந்தால் அவளுக்குத் தெரிய வேண்டுமே.

நடுவர் ஒரு தட்டுத் தட்டினார். இரண்டாவது தட்டினார். கை மூன்றாவதுக்கு மேலே போனது. கூரைமேல் இருந்தவன் குழாயைத் திருப்பினான். புள்ளி. பிறகு பளிங்கு மாதிரி ஒரு படம், யாரோ ஒருவர் மலையாளத்தில் செய்தி வாசிக்கிறார். கிளப்பே எழுந்து நின்று கை தட்டியது, வெளியே ஜன்னலில் நின்ற நம் பிள்ளைகளும் தட்டினார்கள், அவர்களுக்கு மலையாளம்தானே வாயில் வருகிறது. ஐயோ என்று சத்தம் போட்டது நான் ஒருத்திதான். "எந்தா உலகம்மே, பாம்போ?" என்று கிளார்க் சார் காலைத் தூக்கிக்கொண்டார்.

கோலப்பனிடம் ஒரு தடவை திருப்பிக் காட்டும்படி கெஞ்சினேன். "நான் மேல கேறுனா மேனேஜரு என் காலை ஒடிப்பாரு. உனக்கு ஒரு கால் போச்சு, எனக்கும் போகணுமா?" என்று முதலில் வைதார். ஆனால் மனசு கேட்கவில்லை. ஆபீஸ்காரர்கள் எல்லாரும் ஒரு கல்யாணத்துக்குக் கீழே இறங்கிப்போன சனிக்கிழமை, அவராகவே வந்து கூப்பிட்டார். அந்த வயதில் மேலே ஏறி, "வருதா? இப்ப வருதா?" என்று அங்கிருந்து கத்திக் கத்தித் திருப்பினார். சிலோன் வந்தது. குஸ்தி வரவில்லை. அந்த நேரத்தில் ஒரு பெண் உட்கார்ந்து பாடிக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் பார்த்தேன். நல்ல குரல்தான். கீழே இறங்கி வந்த கோலப்பன், "அந்த ஆட்டத்த நிறுத்திட்டான் போலிருக்கு உலகம்மா" என்று சொல்லி, என் விளக்குமாற்றை வாங்கி அவரே மிச்சத்தைப் பெருக்கினார்.

இப்போது அங்கே மலையாளம்தான் ஓடுகிறது. நான் வேலை முடிந்ததும் வீட்டுக்கு வந்துவிடுகிறேன். சாயங்காலம் பனி இறங்கி எதிர் லயம்கூடத் தெரியாது. ராஜபாய் வீட்டு ஜெபச் சத்தம் மட்டும் கேட்கும்.

செண்பகம், உன்னிடம் நான் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அங்கே என்ன நடந்தது, வீடு என்ன ஆயிற்று, வேல்சாமி எங்கே என்றெல்லாம் நீ எழுத வேண்டாம். எழுத முடியாததை எழுதாதே. அந்த ஆட்டத்தின் மிச்சத்தை மட்டும் எழுது. உங்கள் பக்கம் படம் நின்றிருக்காது. நீ எங்கே ஒண்டியிருந்தாலும், எந்தக் கடை வாசலில் கூட்டத்துக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்திருந்தாலும் உனக்குத் தெரிந்திருக்கும். மூன்றாவது தட்டு விழுவதற்குள் தொரசாணி தோளைத் தூக்கினானா?

தூக்கியிருப்பான். நான் கோலப்பனிடம் பந்தயமே கட்டியிருக்கிறேன். சின்ன வயதில் ஒரே பாய்க்குச் சண்டை போட்டு நான் உன் மேல் ஏறி உட்கார்ந்தாலும், தோற்றேன் என்று உன் வாயில் ஒரு நாள் வந்ததில்லையே. இருந்தாலும் அது உன்னிடமிருந்து எழுத்தாக வர வேண்டும். தூக்கினான் என்று ஒரு வார்த்தை போதும். உனக்கு எழுத ஆள் கிடைக்காவிட்டால் வெறும் தாளில் ஒரு கோடு கிழித்து அனுப்பு. நான் புரிந்துகொள்வேன்.

சுகம் கேட்கிற வரியை எழுதட்டுமா என்று ராஜபாய் கேட்கிறாள். அதை எழுதியாகிவிட்டது என்று சொன்னேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சரி என்கிறாள்.

சங்கரன்கோவில் கோமதி அம்மன் உன்னைக் கண்ணுக்குள் வைத்துக் காக்கட்டும். படிப்பது வேறு செண்பகமாக இருந்தால், தாயே, உன்னையும் காக்கட்டும். நீயும் ஒரு கோடு போட்டு அனுப்பு.

உன் பதிலுக்கு விளக்கேற்றி உட்கார்ந்திருக்கும்
அக்கா
உலகம்மாள்