நான் வாங்காத போன்

உன் போன் இப்போது என் மேசைமேல் இருக்கிறது. முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் உன் மகள் என் கையில் திணித்துவிட்டுப் போனாள். உறையைத் திறந்தால் நீ முழங்காலுக்குத் தேய்க்கும் தைலத்தின் வாசனை. ஈரத்துணியால் துடைத்துப் பார்த்தேன்; போகவில்லை.

நாம் இருவரும் கணவரை இழந்து தனியான பிறகு, கரையாம்புத்தூரிலிருந்து ஒதியம்பட்டுக்கு இரண்டு பஸ் மாறி சனிக்கிழமைதோறும் வருவாய். சேர்ந்து செபமாலை சொல்வோம். ஒவ்வொரு செபத்திலும் முதல் பாதி நான், மறுமொழி நீ. கான்வென்ட் விடுதியில் ஒன்றாகப் படித்தபோது பிடித்துக்கொண்ட வழக்கம். உன் முழங்கால் பஸ் படி ஏற மறுத்த பிறகு மாதத்தில் ஒருநாள் நான் வந்தேன். மீதி நாட்களுக்குப் போன்தான். உனக்குக் குரல் போதவில்லை.

"மூஞ்சியப் பாக்காம இன்னாடி செபம்? நீயும் ஒரு நல்ல போன் வாங்கு. வாட்ஸ்அப்ல வா."

மாட்டேன் என்றேன். பேசுவதற்கு என் பொத்தான் போன் போதும். வீட்டில் அவர் விட்டுச்சென்ற கம்ப்யூட்டர் இருந்தது. விண்டோஸ் பழசாகிவிட்டது, தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்குங்கள் என்று வில்லியனூர் கடைக்காரர் சொன்னபோது, அதிலேயே இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை ஏற்றச் சொல்லிப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தவள் நான். படிக்காத எதற்கும் 'சம்மதம்' என்று நான் அழுத்தியதில்லை. உன் போன் கேட்டதற்கெல்லாம் நீ சம்மதம் கொடுத்தாய்.

"அது கேக்குது, நான் குடுக்கறேன். உனக்கு எல்லாத்துக்கும் ஒரு சட்டம்டி, சிஸ்டர் மாதிரி!"

அதனால் நானே ஒரு வழி கண்டுபிடித்தேன். கம்ப்யூட்டரிலிருந்தே முகம் பார்த்துப் பேசலாம். அதற்கான இணைப்பை மெயிலில் அனுப்புவேன், நீ தொட்டால் போதும். ஒரு சனிக்கிழமை மாலை அதை அனுப்பிவிட்டு, ஆறரைக்குப் புடவை மாற்றி, தலை வாரி, கேமரா முன் உட்கார்ந்தேன். திரையில் என் முகம் மட்டும். பொத்தான் போனில் கூப்பிட்டேன்.

"மெயிலா? அதெல்லாம் ஆபீஸ் போறவங்களுக்குடி."

"கத்துக்கோ."

"நீ வாங்கு."

நீ கற்கவில்லை, நான் வாங்கவில்லை. மாதக்கணக்கில் குரலிலேயே சொன்னோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு சாயங்காலம் உன் மகள் கூப்பிட்டாள். "ஆன்ட்டி, அம்மா உங்களப் பாக்கணும்னு சொல்லிக்கினே இருக்காங்க. பக்கத்துல யார் போன்லயாவது வீடியோல வாங்களேன்."

அடுத்த வீட்டில் மூன்று போன்கள் இருக்கின்றன. யாரிடமும் எதையும் இரவல் கேட்டுப் பழகியவள் இல்லை நான். "காலைல முதல் பஸ்ல வர்றேன்னு சொல்லும்மா" என்றேன்.

வந்தேன். நீ கண் திறக்கவில்லை. உன் முகத்தை நான் பார்த்தேன். என் முகத்தை நீ பார்க்கவில்லை.

லினக்ஸைப் பற்றியும் சம்மதத்தைப் பற்றியும் நான் சொன்னது சரிதான். இன்றும் மாற்றிச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று அடுத்த வீட்டுக் கதவைத் தட்டாததற்கு என் சட்டங்களில் ஒன்றும் துணைக்கு வரவில்லை.

தனியாகச் செபமாலை சொல்பவர்கள் இரண்டு பாதியையும் தாங்களே சொல்லிவிடுவார்கள். எனக்கு வாய் வரவில்லை. முதல் பாதியைச் சொல்லி நிறுத்துகிறேன். நீ மறுமொழி சொல்ல எவ்வளவு நேரமாகும் என்பது எனக்குத் தெரியும். நடுவில் எங்கே மூச்சு வாங்குவாய் என்பதும் தெரியும். அவ்வளவு நேரம் காத்திருந்துவிட்டுத்தான் அடுத்த மணியைத் தள்ளுகிறேன்.