பனியில் வியர்த்த துவக்கு

மச்சான்,

உம்முடைய கம்பளிக் கோட்டை இன்று காலை அலமாரியிலிருந்து எடுத்தேன். பங்குனி பிறந்தும் விம்பிள்டனில் குளிர் விடவில்லை. உம்முடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக் கிரியை முடிந்த மறுநாள், "இதை வேற ஆருக்கும் குடுக்க மனமில்லை அண்ணை, நீங்கள் போடுங்கோ" என்று என் தங்கை தந்த கோட்டு. சலவைக்குப் போய் வந்தும் அதன் வலக்கையில் எரிந்த கந்தக மணம் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. வாழ்நாள் முழுவதும் புலால் தொடாத நான் வெடிமருந்து மணக்கக் கோவிலில் பிள்ளையார் முன் நின்றேன். நீர் பார்த்திருந்தால் வாய்விட்டுச் சிரித்திருப்பீர்.

சிரிப்பதற்கு உமக்கு என்னிடம் எப்போதும் ஏதாவது கிடைத்தது. ட்ராமில் அருகருகே அமர்ந்து போகையில் நான் கொல்லாமையைப் பற்றிப் பேசத் தொடங்கினால், வன்னிக் காட்டில் வேட்டையாடி வளர்ந்த நீர், மற்றவர்கள் திரும்பிப் பார்க்கும்படி குரலை உயர்த்துவீர்.

"உம்மடை சிவன் கையிலை மானைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறார். அவர் அதை எப்பிடிப் பிடிச்சவர் எண்டு ஒருநாளாவது கேட்டனீரோ?"

அந்த மான் எதைக் குறிக்கிறது என்று நான் விரிக்கத் தொடங்குவேன். "ஸ்டொப் வந்திட்டுது, இறங்கும்" என்பீர்.

சென்ற மார்கழியில் மகளைப் பார்க்கக் கனடாவுக்குப் புறப்பட்டபோது, உம்முடைய நெஞ்சுச் சளிக்குப் பயந்த தங்கை, அண்ணையும் கூட வந்தால்தான் உம்மை விடுவேன் என்றாள். அங்கே உம்முடைய மருமகன் உமக்கென்று ஓர் இடியன் துவக்கு வாங்கி, அனுமதிகளையும் எடுத்து வைத்திருந்தார். குழல்வாயில் வெடிமருந்தைக் கொட்டி, சீலையில் பொதிந்த ஈயக்குண்டைக் கோலால் இடித்து இறக்கி, தீப்பொறிக்குக் கேப் என்னும் சிறு வெடிமூடியைப் பொருத்திச் சுடும் பழைய முறைத் துப்பாக்கி. அத்தகைய துவக்குகளோடு மானுக்குப் போக அந்நாட்டில் குளிர்காலத்தில் தனியாகச் சில நாட்கள் ஒதுக்கியிருக்கிறார்கள். நீர் அதைக் கையில் வாங்கியதும் குழல்வாயை மோந்து பார்த்தீர். இலண்டனில் நீர் கழித்த அத்தனை ஆண்டுகளிலும் அப்படி ஒரு முகத்தை நான் கண்டதில்லை.

உமக்குக் காவலாக நானும் காட்டுக்கு வந்த முதல் நாள் மான் எதுவும் வரவில்லை. மருந்து இட்டது இட்டபடியே மாலையில் வீடு திரும்பினோம். மருமகன் வாசலில் மறித்தார்.

"மாமா, கேப்பைக் கழட்டிப்போட்டுத் துவக்கைக் கராஜுக்கையே விடுங்கோ. உள்ளுக்குக் கொண்டுவந்தால் சூட்டுக்கு வேர்க்கும்."

"துவக்கு வேர்க்கிறதோ? தம்பி, மாரி மழையிலை அடுப்படியிலை சாத்தி வைச்சு மருந்தைக் காப்பாத்தின ஆக்கள் நாங்கள். ஆயுதத்தை வெளியிலை போட்டிட்டு நான் உள்ளுக்கை இருந்து சாப்பிடுறதோ?"

சுவாமிப் படங்களுக்குப் பக்கத்தில் அதைச் சாத்தி, திருநீறும் பூசினீர். எனக்கு அது மனத்துக்கு நிறைவாகவே இருந்தது. ஈரக் காட்டில் ஒருநாளும் பிசகாத வழக்கம் அது. உறைபனியில் கிடந்த இரும்பு வெப்பமான அறைக்குள் வந்தால் குழலுக்குள் ஈரம் கோத்து மருந்தை நனைக்கும் என்பதை அந்தக் காடு உமக்குக் கற்பித்திருக்கவில்லை.

மறுநாள் பிற்பகல் ஊசியிலை மரங்களின் ஓரத்தில் ஒரு கலைமான் வந்து நின்றது. கொம்பில் வெண்பனி படிந்திருந்தது. பழைய செய்யுள்களில் எத்தனையோ மான்களுக்கு நான் உரை சொல்லியிருக்கிறேன். உயிருள்ள ஒன்றின் மூச்சு, குளிர்காற்றில் புகையாய் எழுவதை அன்றுதான் கண்டேன். நீர் விசையை இழுத்தீர். கேப் வெடித்தது, துவக்கு வெடிக்கவில்லை. அந்தச் சிறு ஒலிக்கு மான் திரும்பிய கணத்தில், ஈரமருந்து பிந்தித் தீப்பற்றியது. நெஞ்சுக்கு வைத்த குறி வயிற்றில் பட்டது. புகை விலகியபோது பனியில் இரத்தம் மட்டும் இருந்தது.

"என்ரை பிழை. தம்பி சொன்னவன்" என்றீர். பிறகு நடக்கத் தொடங்கினீர்.

காயப்பட்டதைக் காட்டில் விட்டுவிட்டு ஒருநாளும் வீடு திரும்பியதில்லை என்று எத்தனை முறை எனக்குச் சொல்லியிருக்கிறீர்! முழங்கால் புதைய நடந்தீர், இருமினீர், மறுபடி நடந்தீர். உறைந்த ஓடையை அடைந்தபோது புதுப்பனி கொட்டிச் சுவடு மறைந்துபோயிற்று. இருள் இறங்கிக்கொண்டிருந்தது.

"இனி ஏலாது மாமா. நீங்களும் விழுந்திடுவியள்" என்று மருமகன் உம்முடைய தோளைப் பிடித்தார்.

நீர் என் பக்கம் திரும்பினீர். "மச்சான், அதுக்கு ஒண்டு பாடும்."

"எதைப் பாட? நோய் தீரப் பாடுறதும் இருக்கு, வழியனுப்பப் பாடுறதும் இருக்கு. அது இருக்குதோ போச்சுதோ தெரியாதே."

"இருக்குதெண்டு நினைச்சுப் பாடும்."

நோய் தீர்க்கும் பதிகத்தைப் பாடினேன். பல் கிடுகிடுத்ததில் பண் நிற்கவில்லை. நீர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்தபடி நின்றீர்.

அன்று நெஞ்சில் ஏறிய குளிர் உம்மை விட்டு இறங்கவேயில்லை. இலண்டன் திரும்பி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் நீர் உம்முடைய சுவாசத்தைப் பற்றிக் கேட்கவில்லை. "தம்பி போன் எடுத்தவனோ? அது எங்கை நிண்டு காயத்தோடை நடுங்குதோ" என்றுதான் கேட்டீர். அங்கே பனி இன்னும் இறுகியிருக்கிறது, உருகட்டும், பொறும் என்பேன். தை மாதக் கடைசியில் ஒரு மாலை, வைத்தியர் என்னையும் தங்கையையும் தனியே அழைத்து, இனிச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றார். திரும்பி வந்து உம்முடைய கால்மாட்டில் நின்று அதே பதிகத்தைப் பாடத் தொடங்கினேன். நீர் கண் திறந்தீர். மூச்சுக்கு வைத்திருந்த முகமூடியை விலக்கினீர்.

"இருக்குதெண்டு நினைச்சுப் பாடுறீரோ?"

நான் ஓம் என்றேன். நீர் என்னைப் பார்த்துச் சிரித்தீர். மறுநாள் விடியலில் போய்விட்டீர்.

நேற்று மருமகன் தொலைபேசியில் அழைத்தார். பனி உருகிவிட்டதாம். "பெரிய மாமா, ஓடைக்கு அந்தப் பக்கம், கூப்பிடுதூரத்திலைதான் அந்த மான் கிடக்குது. கால் மடிச்சபடி. எழும்பப் பார்த்த அடையாளமே இல்லை. நாங்கள் தேடிக்கொண்டு நிக்கேக்கையே முடிஞ்சிருக்கும்." இதைச் சொல்லிவிட்டு அவர் அழுதார்.

ஆகவே நீர் அஞ்சியது நடக்கவில்லை, மச்சான். எங்கும் அது நின்று நடுங்கவில்லை. நீர் கட்டிலில் கிடந்து மனத்தால் அதன் பின்னால் நடந்த நாட்களிலெல்லாம் அது பனிக்கடியில் அமைதியாக உறங்கியிருக்கிறது. நான் பாடியபோதே அது போயிருந்தது. இந்தச் செய்தியை உமக்குச் சொல்வதற்கே எழுதுகிறேன். சொல்லவேண்டிய காலம் கடந்துபோய்விட்டது.

கோவிலிலிருந்து வந்து, உமக்கும் அந்த மானுக்குமாக வழியனுப்பும் பாட்டைப் பாடுவோம் என்று வீட்டு விளக்கின் முன் அமர்ந்தேன். கண்ணை மூடினேன். என் வாய் தானாகவே நோய் தீர்க்கும் பதிகத்தை எடுத்தது. நான் நிறுத்தவில்லை. கடைசி அடிவரை பாடினேன்.