நிற்கச் சொல்லாத கடிதம்

அனுப்புநர்:
சி. நடராசா,
ஓய்வுபெற்ற தபால் அதிபர்,
உரும்பிராய் கிழக்கு.

பெறுநர்:
பொறுப்பதிகாரி,
கடல் வணிகக் காட்சிக்கூடம்,
யாழ்ப்பாணம்.

விடயம்: 1857ஆம் ஆண்டுப் பருத்திக் கடிதத்தின் கீழுள்ள விளக்கத்தைத் திருத்தக் கோருதல்

மதிப்புக்குரிய ஐயா,

1. என் முன்னோரான பருத்தித்துறை வியாபாரி விநாசித்தம்பி, தூத்துக்குடியில் நின்ற தமது தோணியின் தலைவரான தண்டையலுக்கு எழுதிய கடிதத்தின் வீட்டுப் பிரதியைத் தங்களிடம் கையளித்தவன் நானே.

2. அதில் உள்ளது: “இவ்விடம் யாவரும் சுகம். அவ்விடத்துச் சுகத்துக்கு எழுதவும். நிற்க. அமெரிக்கப் பஞ்சு விலை ஏறிவிட்டதாம். நம்முடைய பஞ்சோடு…” மிச்சத்தைக் கறையான் தின்றுவிட்டது. சுகம் விசாரித்தாயிற்று, இனி அலுவலுக்கு வருவோம் என்பதே அந்த ‘நிற்க’. தங்கள் அலுவலர் அதை ஆங்கிலத்தில் ‘ஸ்டொப்’ ஆக்கி, திரும்பத் தமிழாக்கியதில் “அங்கேயே நில்லுங்கள்” ஆகிவிட்டது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான்.

3. விளக்கம் அதோடு நிற்கவில்லை. “முதலாளியின் கட்டளையை மீறிப் புறப்பட்ட தண்டையல் ஒருவர் புயலில் தோணியோடு அழிந்தார்” என்கிறது. அழிந்தது உண்மை. மீறியது பொய். விலை ஏறும்போது சரக்கை நிறுத்தச் சொல்ல எந்த வியாபாரிக்கும் பைத்தியமில்லை.

4. அத்தண்டையலின் வழிவந்தவர் என் நண்பர் சிமியோன். இருவரும் ஒரே தபால் கந்தோரில் வேலை செய்தோம். ஓய்வுபெற்ற பின் சனிக்கிழமை தோறும் பருத்தித்துறையிலிருந்து பஸ் ஏறி என் வீட்டுக்கு வருவார். தேநீரோடு, விநாசித்தம்பி காலத்திலிருந்து என் வீட்டில் கிடந்த பழைய கடிதங்களை மாறி மாறி உரக்க வாசிப்போம். கடன் கேட்டு எழுதியவன்கூட முதலில் மாட்டின் சுகம்வரை விசாரித்திருப்பான். அதை வாசித்து வாசித்துச் சிரிப்போம். அந்தச் சனிக்கிழமைகள் எனக்குத் திரும்ப வேண்டும், ஐயா.

5. அவரைக் காட்சிக்கூடத்துக்கு அழைத்து வந்தவனும் நானே. விளக்கத்தை வாசித்துவிட்டு, “உங்கடை ஆள் நில் எண்டு எழுத, எங்கடை ஆள் கேளாமல் போய்ச் செத்தவரோ, அண்ணை?” என்று கேட்டார். ‘நிற்க’வின் பொருள் அவரும் அறிந்ததே; ஆனாலும் அச்சில் கண்டதையே நம்பி, நான் சொன்னதை மனம் தேற்றச் சொன்ன பேச்சாகவே எடுத்துக்கொண்டார். அதன்பின் அவர் வரவில்லை.

ஆகவே, விளக்கத்தைத் திருத்தி, திருத்தியதை அலுவலக முத்திரையுடன் சிமியோனுக்கு எழுத்தில் அறிவிக்குமாறு தயவாய்க் கேட்கிறேன். என்னை நம்பாவிட்டாலும் முத்திரையை நம்புவார், தபால்காரர் அல்லவா.

இன்னொன்று. ‘தண்டையல் ஒருவர்’ என்று இனி எழுத வேண்டாம். சொன்ன சொல்லைக் கேட்டுக் கடலோடு போன அந்த மனிதரின் பெயர் சந்தியாப்பிள்ளை.

தங்கள் பதிலைப் பார்த்திருக்கும்,
சி. நடராசா

உரும்பிராய்,
14.06.2025